2024 கோடை: சீசன் முடிந்த பிறகு மிச்சம் நின்ற படங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2024 கோடையில் தமிழ் சினிமாவுக்குச் சுத்த வறட்சி என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா? அந்தச் சீசனில் வந்தவற்றில் நல்ல படங்கள் எவை? இந்த மே மாதம் பிள்ளைகளோடு கொடைக்கானல் வருகிறோம். ராத்திரி ரூமில் உட்கார்ந்து பார்க்க எதை எடுத்து வரலாம்?"

தம்பி, வறட்சி என்பது தியேட்டர்காரர்களின் கணக்கு. கேன்டீனில் பாப்கார்ன் போகவில்லை என்றால் அவர்களுக்கு வறட்சிதான். படம் பார்க்கிறவனின் கணக்கு வேறு. அதிலும் எங்கள் ஊர்க்காரன் கணக்கு இன்னும் வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் தருகிற பட்டியல் உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும்.

கொடைக்கானலில் 'சீசன்' என்றால் சினிமா இல்லை, பிழைப்பு. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இங்கே யாரும் படத்துக்குப் போவதில்லை. டாக்சி ஓட்டுகிறவர் தூங்குவதே வண்டிக்குள்தான். காட்டேஜ் வைத்திருப்பவர் வெந்நீருக்கும் கம்பளிக்கும் ஓடிக்கொண்டிருப்பார். நாயுடுபுரத்தில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிற நானும் அப்படித்தான். பள்ளிக்கூடம் திறந்து, வண்டிகள் இறங்கி, ஜூன் காற்றும் மூடுபனியும் வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு. அப்போது எந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதுதான் எங்களுக்குக் கோடைப் படம்.

இது புதுசும் இல்லை. 80களின் கடைசியிலிருந்து சில வருடங்கள் மதுரையில் ஒரு விநியோகஸ்தரிடம் ரெப்பாக இருந்தேன். தியேட்டரில் போய் உட்கார்ந்து, கிழித்த டிக்கெட்டை எண்ணி, டிசிஆரில், அதாவது அன்றாட வசூல் கணக்குத் தாளில், கையெழுத்து வாங்கி வருகிற வேலை. படம் ஃபிலிம் சுருளாகப் பெட்டியில் ஊர் ஊராகப் போகிற பிரின்ட் காலம் அது. மதுரை, திண்டுக்கல் போன்ற பெரிய ஊர்களில், ஏ சென்டர் என்போம், ஐம்பது நாள் ஓடி, அப்புறம் சின்ன ஊர்களான பி சென்டருக்கு இறங்கி, கடைசியில்தான் படப்பெட்டி வத்தலக்குண்டிலிருந்து பஸ் கூரையில் ஏறி மலைக்கு வரும். தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளியான படத்தை நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மழையில் பார்ப்போம். இதில் ஒரு வசதி உண்டு. தோற்றுப்போன படத்தின் பெட்டி மலை ஏறவே ஏறாது, பஸ் சார்ஜுக்குக்கூடத் தேறாது என்று விட்டுவிடுவார்கள். என் தம்பி பத்து வயது வரை தமிழில் மோசமான படமே எடுப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தான்.

சரி, 2024க்கு வருவோம். ஏன் காலியாக இருந்தது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் மே 26 வரை ஐபிஎல், அதுவும் இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில். இந்தச் சந்தடியில் நூறு கோடி, இருநூறு கோடி போட்டவர் எவரும் தலையைக் கொடுக்க மாட்டார். 'இந்தியன் 2' ஜூலை 12க்குப் போனது. 'ராயன்' ஜூலை 26. 'தங்கலான்' ஆகஸ்ட் 15. வழக்கமாகப் புத்தாண்டு வாரத்தில் ஒரு பெரிய நடிகர் வந்து உட்கார்ந்துவிடுவார், மற்றவர்கள் ஓரமாக நிற்பார்கள். அந்த வருடம் நாற்காலி காலி. காலி நாற்காலியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் சுவாரசியம்.

முதலில் உட்கார்ந்தது இருபது வயதுப் படம். தேர்தலுக்கு மறுநாள், ஏப்ரல் 20, 'கில்லி' மறுவெளியீடு. 2004 ஏப்ரல் 17இல் வந்த படம், தரணி இயக்கம், தெலுங்கு 'ஒக்கடு'வின் மறுஆக்கம். வீட்டில் டிவியில் நூறு தடவை பார்த்த படத்துக்குத் தியேட்டரில் காசு கொடுத்து ஆடினார்கள். முதல் வெளியீட்டில் பிறந்தே இருக்காத பிள்ளைகள் பிரகாஷ்ராஜ் வாயைத் திறக்கும் முன்பே வசனத்தைச் சொல்லி முடித்தார்கள். பலர் இதை ஏக்கம், பழைய நினைவு என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினெட்டு வயதுப் பையனுக்கு எந்தப் பழைய நினைவு? அந்தப் படத்தில் ஓட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். மதுரையில் ஒரு பெண்ணைக் காப்பாற்றி வண்டியில் ஏற்றியதிலிருந்து கடைசிக் கபடி வரை கதை எங்கேயும் உட்காருவதில்லை. வித்யாசாகரின் பாட்டுகள்கூட ஓடிக்கொண்டே வருகின்றன. இப்போது வருகிற படங்களில் நாயகன் நடந்து வருவதற்கே நாலு நிமிடம் ஆகிறது. புதுப்படத்தில் கிடைக்காததைப் பழைய படத்தில் போய் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கோடையை உண்மையில் ஆரம்பித்து வைத்தது அதற்கும் முன்னால் வந்த ஒரு மலையாளப் படம். பிப்ரவரி 22 கோடை இல்லை என்று நீங்கள் வாதாடலாம். எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் 2024 சீசன் அன்றைக்கே தொடங்கிவிட்டது. 'மஞ்சும்மல் பாய்ஸ்'. எர்ணாகுளம் பக்கத்து மஞ்சும்மலில் இருந்து 2006இல் கொடைக்கானல் வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைக் குழிக்குள் விழுந்ததும், இன்னொருவர் கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கியதுமான நிஜக் கதை. இயக்குநர் சிதம்பரம். உலக அளவில் இருநூறு கோடியைத் தாண்டிய முதல் மலையாளப் படம் இதுதான். தமிழில் டப் செய்யாமலே இங்கே தியேட்டர்களை நிரப்பியது. பாதி வசனம் தமிழ், போலீஸ் தமிழ், கடைக்காரர் தமிழ், அப்புறம் 'குணா' படத்தின் அந்தக் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டு.

அந்தப் பாட்டைப் பற்றி எனக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. 1991 தீபாவளி, நவம்பர் 5. ஒரே நாளில் 'தளபதி'யும் 'குணா'வும். இரண்டுக்கும் இளையராஜா. என்னை 'குணா' ஓடிய கொட்டகைக்கு அனுப்பினார்கள். இரண்டாவது வாரம் மேட்னி ஷோவில் நான் எண்ணிய தலைகளை இப்போதும் சொல்ல முடியும், சொல்ல மாட்டேன். எதிர்க் கொட்டகையில் 'தளபதி'க்குக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. குகைக் காட்சியில் ஒருவர் எழுந்து, "என்னய்யா, இருட்டுக்குள்ளயே இருக்காங்க" என்று போய்விட்டார். முப்பத்து இரண்டு வருடம் கழித்து அதே இருட்டு, அதே பாட்டு, வேறு மொழிப் படத்தின் உச்சக்கட்டத்தில் ஒலிக்க, தியேட்டர் முழுக்க எழுந்து நிற்கிறது. கூட்டத்தோடு நானும் எழுந்தேன். என் காரணம் மற்றவர்கள் காரணம் இல்லை என்பது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது.

படத்தின் கெட்டிக்காரத்தனம் பாட்டில் மட்டும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் வடம் இழுக்கிற போட்டி வரும். சும்மா கேரளத்து இளவட்டக் கலாட்டா என்று நினைத்துக்கொண்டிருப்போம். கடைசியில் குழிக்குள் இருந்து இரண்டு ஆட்களைக் கயிற்றில் இழுக்க வேண்டி வரும்போதுதான், ஓ, இவர்கள் வடம் இழுக்கிறவர்கள் அல்லவா என்று உறைக்கும். எங்கேயும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். இதுதான் திரைக்கதை. தமிழில் எடுத்திருந்தால் "நம்ம டீம் தோத்ததே இல்லடா" என்று ஒருவன் கத்தியிருப்பான்.

நீங்கள் பார்க்கிற குழியின் பெரும்பகுதி கொடைக்கானலே இல்லை, பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் போட்ட செட். பாசி, வேர், கசிகிற ஈரம் எல்லாம் கையால் செய்தது. எங்கள் ஊர் டாக்சி டிரைவர்கள் கிண்டலாகச் சிரித்துக்கொண்டே போனவர்கள், வாயடைத்துத் திரும்பினார்கள். தூண் பாறைக்குப் போகிற வழியில் தினமும் வண்டியை நிறுத்துகிற இடம் அது. 1821இல் வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி பார்த்துச் சொன்னதிலிருந்து 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர். 'குணா' படம் வந்த பிறகு குணா குகை. சோலை மரங்களின் வேர்கள் பாம்புக் கூட்டம் போல வெளியே படர்ந்திருக்கும், குழி வாய்க்குக் கம்பி வேலி. வருகிறவர்கள் வேரில் நின்று போட்டோ எடுப்பார்கள், போவார்கள். 'மஞ்சும்மல்' வந்த பிறகு அப்படிப் போகவில்லை. தடுப்பைத் தாண்டி இறங்கிய இளைஞர்களை வனத்துறை பிடித்த செய்தியெல்லாம் வந்தது. படம் முழுக்க 'இறங்காதே' என்றுதானே சொல்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்து இறங்குகிறவனை என்ன செய்வது? மே 5 அன்று படம் ஓடிடிக்கும் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, நீதிமன்றம் பார்த்தது மலை தாங்காத வண்டிக் கூட்டத்தை. ஆனாலும் டோல்கேட்டில் நின்ற பையன்கள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, குணா குகை எந்தப் பக்கம்?"

மே 3. ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு படங்கள். ஒன்று 'அரண்மனை 4'. இன்னொன்றை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை, 'குரங்கு பெடல்'.

'அரண்மனை 4' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுந்தர் சி கடை நடத்தத் தெரிந்தவர். இந்தத் தடவை அசாம் பக்கத்து நாட்டார் நம்பிக்கையில் வருகிற 'பாக்' என்ற நீர்ப்பேயைக் கொண்டு வந்தார். தமன்னாவைப் பாட்டுக்கு மட்டும் வைக்காமல் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகக் கதையின் நடுவில் வைத்தார். கோவை சரளா, யோகி பாபு, விடிவி கணேஷ். அந்த வருடம் தமிழில் தியேட்டர்காரர்கள் முதலில் சிரித்தது இந்தப் படத்துக்குத்தான். லீவில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பயப்படவும் சிரிக்கவும் ஒரு படம் வேண்டும், அதை யாரும் கொடுக்கவில்லை, இவர் கொடுத்தார். என் அறையில் தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு நாளும் ராத்திரி பாத்ரூம் போக அம்மாவைக் கூப்பிட்டதிலிருந்து படம் வேலை செய்திருக்கிறது என்று புரிந்தது. ஆறு மாதம் கழித்து எனக்கு அதில் ஒரு காட்சியும் நினைவில் இல்லை.

'குரங்கு பெடல்' எனக்குச் சட்டம் சட்டமாக நினைவிருக்கிறது. இயக்குநர் கமலக்கண்ணன். முன்னாடி 'மதுபானக்கடை' எடுத்தவர். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்ற சிறுகதையை வைத்துக்கொண்டு, 80களின் ஒரு கோடை விடுமுறையை எடுத்திருக்கிறார். கதை என்று பார்த்தால் உள்ளங்கையில் அடங்கும். ஐந்து பையன்கள், லீவு விட்டாயிற்று, வாடகை சைக்கிளில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவனுடைய அப்பாவுக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது, எங்கேயும் நடந்தே போகிறவர், ஊர் அவரைக் கேலி செய்கிறது. அந்த அவமானம் பையனுக்கு. காளி வெங்கட் அப்பாவாக வருகிறார். அவருக்குக் கேலி வலிக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது, அப்படி ஒரு நடிப்பு. சைக்கிள் கடைக்காரராக வருகிற பிரசன்னா பாலச்சந்திரனைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தப் படத்தில் வில்லன் கிடையாது. வெயில் இருக்கிறது, புழுதி இருக்கிறது, மணிக்கணக்கு நோட்டு இருக்கிறது. வாடகைக்கு எடுத்த சைக்கிளை நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகும்போது ஒரு பையனின் வயிற்றில் புரள்கிற பயம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் அந்தக் கோடையில் வேறு எந்தப் படத்திலும் இல்லை. ஒரு குறை, இரண்டாம் பாதியில் கொஞ்சம் சோம்பல் தட்டும். கிராமத்தை ரொம்ப நல்ல இடமாகவே காட்டியிருக்கிறார்கள் என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் கோடை என்றால் என்ன என்று தெரிந்து எடுத்த ஒரே கோடைப் படம் இதுதான்.

மலையில் பிறந்தவனுக்கு இந்தப் படம் இன்னொரு விதத்தில் உறைத்தது. இங்கே சைக்கிள் ஓட்டத் தெரியாத ஆட்கள் நிறைய. வீட்டு வாசலில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். சமமான ரோடு என்றால் ஏரியைச் சுற்றி இருக்கிற ஐந்து கிலோமீட்டர்தான். வாடகை சைக்கிள்களும் அங்கேதான், ஆனால் அவை டூரிஸ்டுகளுக்கு. சீசனில் எங்களுக்குத் தர மாட்டார்கள். ஜூன் வந்து, கூட்டம் போய், கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது போய் நின்றால் பாதிக் காசுக்குக் கிடைக்கும். கால் எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாகக் கோணி, அரை வட்டமாக மிதித்துக்கொண்டே மூடுபனிக்குள் போவோம். எதிரே குதிரை வருகிறதா மனிதர் வருகிறாரா என்று தெரியாது. ஆக, நானும் கோடை முடிந்த பிறகுதான் குரங்கு பெடல் போட்டேன்.

இந்தப் படம் தியேட்டரில் தாங்கவில்லை. பேய்ப் படத்துக்குப் பக்கத்தில், இரண்டாவது வாரத்தில் காலைக் காட்சிக்குத் தள்ளி, மூன்றாவது வாரத்தில் எடுத்துவிட்டால் எது தாங்கும்? பிரின்ட் காலமாக இருந்திருந்தால் இதன் பெட்டி மலை ஏறியே இருக்காது. என் தம்பியின் நம்பிக்கையில் இருந்த ஓட்டை அதுதான். மோசமான படங்களோடு சேர்த்துச் சில நல்ல படங்களையும் எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள்.

மே மாத மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். மே 10, 'ஸ்டார்'. இளன் இயக்கத்தில் கவின், அப்பாவாக லால். நடிகனாக வேண்டும் என்று அலைகிற பையன் கதை. அப்பா மகன் காட்சிகள் அருமை, லால் வருகிற இடமெல்லாம் படம் நிமிர்கிறது. காதலிகள் இரண்டு பேரும் நாயகனைத் தாங்குவதற்கென்றே எழுதப்பட்டவர்கள். முடிவு சாமர்த்தியம், ஆனால் சாமர்த்தியம் மட்டும்தான். விஷால், ஹரி சேர்ந்த 'ரத்னம்' ஏப்ரல் 26இல் வந்தது, போனது. மே கடைசியில் ராமராஜன் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 'சாமானிய'னாக வந்தார், இசை இளையராஜா. பழைய ரெப் என்ற முறையில் எனக்கு ஒரு பாசம், 'கரகாட்டக்காரன்' ஓடியபோது டிக்கெட் எண்ணி எண்ணிக் கை வலித்தவன் நான். பாசத்தை வைத்துப் படத்தைப் பரிந்துரைக்க முடியாது.

மே 31 அன்று 'கருடன்' வந்தது. இதை ஜூன் முதல் வாரத்தில், எங்கள் அறைகள் காலியான பிறகு, கீழே இறங்கிப் பார்த்தேன். பெருமாள்மலையில் திரும்பி அடுக்கம் ரோட்டில் இறங்கினால் பெரியகுளம், அப்புறம் தேனி. படத்தின் கதையும் தேனிப் பக்கம்தான் என்பதால், போகிற வழியில் பார்த்த தோப்பும் மலையும் திரையிலும் வந்து நின்றது ஒரு தனிச் சுகம். வெற்றிமாறன் கதை, துரை செந்தில்குமார் இயக்கம். சூரி, சசிகுமார், உன்னி முகுந்தன். கோயில் நிலத்தைச் சுற்றி இரண்டு நண்பர்கள் பிரிகிறார்கள், அவர்களில் ஒருவரிடம் நாய் மாதிரி விசுவாசமாக இருக்கிற சொக்கன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதுதான் கதை.

சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கம் 'சோறு போட்ட கை' என்று ஒன்று சொல்வார்களே, அதன் கனத்தை இவ்வளவு நேராகக் காட்டிய படம் சமீபத்தில் இல்லை. எடுத்து வளர்த்தவன் அடிக்கச் சொன்னால் அடிக்க வேண்டும், பொய் சொல்லச் சொன்னால் சொல்ல வேண்டும். சூரி அந்த நன்றிக்கடனை முதுகு வளைவிலேயே காட்டுகிறார். 'வெண்ணிலா கபடி குழு'வில் பரோட்டா தின்று நம்மைச் சிரிக்க வைத்தவர், 'விடுதலை' முதல் பாகத்தில் வேறு ஆளாகத் தெரிந்தவர், இங்கே கையில் அரிவாளோடு நின்றாலும் நம்ப முடிகிறது. கடைசி அரை மணி நேரம் வழக்கமான வெட்டுக் குத்துதான். இசையமைத்த யுவன் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். சசிகுமாரும் எத்தனை படத்தில்தான் நண்பனுக்காக நிற்பார் என்று பக்கத்து இருக்கையில் ஒருவர் முனகினார், எனக்கும் அது தோன்றியிருந்தது.

அப்புறம் 'மகாராஜா'. வெயிலைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்ட பள்ளிக்கூடங்கள் ஜூன் 10 அன்று திறந்தன. படம் வந்தது ஜூன் 14. வியாபாரக் கணக்கில் கோடை முடிந்து நாலு நாள். பிள்ளைகள் வகுப்பில், அப்பாக்கள் ஃபீஸ் கட்டிக் காலிப் பர்ஸோடு. பழைய விநியோகஸ்தர் எவரிடமும் இந்தத் தேதியைச் சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம், அதற்கு முந்தைய சில படங்கள் சரியாகப் போகாத நேரம் வேறு. ஆனால் அந்தத் தேதி எங்களுக்கென்றே குறித்தது போல இருந்தது. சீசன் முடிந்த முதல் ஓய்வு வாரம். நாலு டாக்சி டிரைவர்கள், நான், ஒரே வண்டியில் வத்தலக்குண்டு. டம்டம் பாறை தாண்டும்போது ஒருவர் சொன்னார், "குப்பைத்தொட்டி காணோம்னு போலீஸ் ஸ்டேஷன் போறானாம், அதுதான் கதையாம்." வண்டி முழுக்கச் சிரிப்பு. திரும்பி ஏறும்போது யாரும் பேசவில்லை.

நித்திலன் சாமிநாதனுக்கு இது இரண்டாவது படம். 2017இல் வந்த 'குரங்கு பொம்மை'யைப் பார்த்தவர்களுக்கு அவர் கை எப்படி என்று தெரியும். ஒரு சலூன்காரர், லட்சுமி என்று பெயர் வைத்திருக்கிற குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வருகிறார். போலீஸ் சிரிக்கிறது, அடிக்கிறது, காசு பேரம் பேசுகிறது. இவர் அசையவில்லை. அந்தக் காத்திருப்பை அவ்வளவு நேரம் இழுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நாம் தப்பாக அடுக்கிக்கொள்கிற மாதிரி காட்சிகளைக் கோத்திருக்கிறார்கள். பொய் ஒன்றும் சொல்லாமலே நம்மை ஏமாற்றுகிறார்கள். எடிட்டர் ஃபிலோமின் ராஜுக்குத் தனியாகக் கைதட்ட வேண்டும். சிங்கம்புலியை அந்த வேடத்துக்குப் போட்ட துணிச்சலுக்கு இன்னொரு கைதட்டல். இத்தனை வருடம் அவரைப் பார்த்தாலே சிரித்தவர்கள் நாம். அந்தச் சிரிப்பையே நமக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

ஒரு நெருடலைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு சிறுமிக்கு நடக்கிற கொடுமையைக் கதையின் முடிச்சாக வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் மனத்தைவிட அப்பாவின் ஆத்திரத்துக்கே படம் அதிக இடம் கொடுக்கிறது. கடைசியில் அந்தப் பெண் பேசுகிற ஒரு காட்சி இருக்கிறது, நல்ல காட்சிதான், ஆனால் ஒன்றுதான். முதல் தடவை பார்க்கும்போது அதிர்ச்சி இதை மறைத்துவிடும். இரண்டாவது தடவை உறுத்தும். இருந்தாலும் அந்தக் கோடையின் ஆகச் சிறந்த கைவேலை எது என்று கேட்டால் இதுதான். நாலே வாரத்தில், ஜூலை 12 அன்று, நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. நவம்பர் கடைசியில் சீனத் தியேட்டர்களுக்கே போனது.

ஆக, வறட்சியா என்ற கேள்விக்கு என் பதில்: பெரிய மரங்கள் இல்லாத வருடத்தில்தான் செடிக்கு வெயில் கிடைத்தது. செடி எல்லாம் பிழைக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்த வருடமும் மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு மோதிய சின்னப் படம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஜூன் வரைக்கும் எங்களுக்காகக் காத்திருந்தது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

ரூமில் பார்க்க எதை எடுத்து வரலாம் என்று கேட்டீர்கள். முதல் ராத்திரி பிள்ளைகளோடு 'குரங்கு பெடல்'. மறுநாள் ஏரிக்கரையில் சைக்கிள் கேட்டு நச்சரிப்பார்கள், காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் ரோடு முழுக்கக் குதிரையும் காரும்தான். இரண்டாவது ராத்திரி 'மஞ்சும்மல் பாய்ஸ்', ஆனால் குணா குகையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு. முன்னால் போட்டுவிட்டால் உங்கள் பையன் வேலியை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பான், உங்களுக்கு அங்கே மனது இருக்காது. 'கருடன்' பஸ்ஸிலோ ரயிலிலோ பார்க்கிற படம் இல்லை, ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 'மகாராஜா'வைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, நீங்களும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் பாருங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள், இங்கே கரண்ட் போனால் மட்டும் நான் பொறுப்பில்லை. இ-பாஸை மட்டும் வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 2025 ஏப்ரலில் இருந்து கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று கணக்கு வைத்தார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கத்தில் வரிசையில் நின்றுகொண்டு போனில் சிக்னல் தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.